ஒரே பெயர், மூன்று எடை: நேபாளக் குக்ரி ஒரு நேரடிப் பரிசோதனை

ஆங்-கோலா என்று ஒரே பெயர். 10 அங்குல அலகு என்று ஒரே அளவு. அடித்ததும் ஒரே பட்டறை. தராசில் வைத்தால் முதலாவது 640 கிராம், இரண்டாவது 705, மூன்றாவது 790. கையால் அடிக்கும் குக்ரியில் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். இதில் எது கைவேலையோடு கூடவே வருவது, எது வேலைக் குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தலைமுறை உழைக்கும் கத்தி கிடைக்கும். தெரியாமல் வாங்கியது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கிழக்கு நேபாளத்தின் தரான் நகரில் வாங்கிய இந்த மூன்றோடு சிருபாத்தே வகையில் இரண்டு, கூர்க்காப் படைக்கு வழங்கும் வடிவில் ஒன்று எனச் சேர்த்துக்கொண்டேன். மலைக் கிராமத்து வீடொன்றில் விறகு பிளக்க, மூங்கில் வெட்ட, ஆட்டிறைச்சி துண்டு போட என்று அன்றாட வேலைக்கே அவற்றை விட்டுப் பார்த்தேன்.

எடை எங்கே மாறுகிறது

குக்ரி அடிப்பவர்கள் காமி சமூகத்துக் கொல்லர்கள். இரும்பு பெரும்பாலும் பழைய லாரி வில்பட்டை. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குத் தேடி வாங்கும் அதே பட்டைதான். ஒரு பட்டை 8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், இன்னொன்று 12 இருக்கும். அச்சு கிடையாது, வார்ப்பு கிடையாது. மூத்தவர் சின்னச் சுத்தியலால் தட்டி இடம் காட்டுகிறார். எதிரே நிற்பவரின் சம்மட்டி அங்கே இறங்குகிறது. உலையில் போட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரும்பின் மேல்தோல் செதிலாக உதிர்கிறது. கடைசியில் சாணை. அடிக்கும்போதே வடிவம் சுத்தமாக வந்துவிட்டால் சாணைக்கு வேலை குறைவு, இரும்பு அப்படியே நிற்கும். கோணல் இருந்தால் அதை நேராக்குவதற்குள் கனமும் கரைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். 26 செ.மீ. நீளமும் சராசரியாக 4.5 செ.மீ. அகலமும் உள்ள அலகில் முதுகு 1 மி.மீ. தடித்தால், வாய்ப்பக்கம் மெலிந்துகொண்டே போவதைக் கழித்த பிறகும் 45 கிராம் கூடுகிறது. என்னிடம் இருந்த மூன்றின் முதுகு 8.5, 9.5, 10.5 மி.மீ. ஆக 150 கிராம் வித்தியாசத்தில் 90 கிராம் இங்கேயே கணக்காகிவிட்டது. கனத்த கத்தி நீளத்தில் 1 செ.மீ. கூடுதலாக இருந்ததும், அதன் பிடி மரம் பருத்திருந்ததும் மீதியைச் சொல்லிவிடுகின்றன.

அளவு கூடக்கூட எடை தாவி ஏறும். நீளம், அகலம், தடிமன் மூன்றும் 10 சதவீதம் கூடினால் எடை 33 சதவீதம் கூடும். அதே வேகத்தில் வீச மணிக்கட்டு போட வேண்டிய பலம் 61 சதவீதம் கூடும். பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிது என்று எடுத்த கத்தி கால் மணி நேரத்தில் முழங்கையைப் பிடித்து இழுப்பது இதனால்தான்.

தராசு சொல்லாதது

மொத்த எடை பாதி விவரம்தான். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. கத்தியை விரல் மேல் படுக்கவைத்துச் சமநிலை எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். 640 கிராம் கத்தி பூணிலிருந்து 7.5 செ.மீ. தள்ளி நின்றது. 790 கிராம் கத்திக்கு அந்த இடம் 9 செ.மீ.

பிடியின் வேலைப்பாடும் இதை மாற்றும். வழக்கமான குக்ரியில் அலகின் வால் மெலிந்து பிடிக்குள் போய் அரக்கில் இறுகி உட்காரும். பனாவல் வகையில் இரும்பு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடும். இரு பக்கமும் மரத்தை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள். பனாவலின் மொத்த எடை கூடுதல்தான். கூடிய எடை உள்ளங்கைக்குள் இருப்பதால் நுனி லேசாகத் திரும்பும். எடையை மட்டும் பார்த்து இதை ஒதுக்கினால் நல்ல கத்தி கைநழுவிப் போகும்.

ஆங்-கோலாவில் முதுகை ஒட்டி அகலமாக ஒரு பள்ளம் எடுத்திருப்பார்கள். முதுகின் பலம் குறையாமல் எடையைக் குறைக்கும் நேர்த்தியான ஏற்பாடு அது. அந்தப் பள்ளத்தின் ஆழமும் கைக்குக் கை மாறும். சிருபாத்தே ஒல்லி உடம்பு. என்னுடைய இரண்டும் 455, 510 கிராம்.

வெட்டிப் பார்த்ததில்

காய்ந்த விறகுக்கு 790 கிராம் கத்திதான் ராஜா. முட்டில் இறக்கினால் தன் பாரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடும். பச்சை மூங்கிலில் நிலைமை தலைகீழ். அங்கே வேண்டியது வேகம். சரிவாக விழுந்த ஒரே வீச்சில் மூங்கிலைத் துண்டாக்கியது 510 கிராம் சிருபாத்தே. கனத்த கத்தி நாரைக் கிழித்துவிட்டு நின்றது. இறைச்சிக்கும் எலும்புக்கும் 640 கிராம் ஆங்-கோலா கைக்கு அடக்கம். நாள் முழுக்க எல்லா வேலைக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் நான் எடுப்பது 640-ஐத்தான். வேலை நீள நீள, கை சோர்ந்த பிறகும் வைத்த இடத்தில் விழுகிற கத்தியே நிறைய வெட்டுகிறது.

படை வடிவக் கத்தி 590 கிராம், நடுத்தரம். ஒரே சீராக வேண்டும் என்று வற்புறுத்தியது ராணுவம்தான். இரு உலகப் போர்களிலும் ஒப்பந்தத்துக்குச் செய்த குக்ரிகளில் ஆண்டும் சோதனை முத்திரையும் குத்தினார்கள். அந்த முத்திரைக் கத்திகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் ஒன்றின் எடை இன்னொன்றுக்கு இல்லை.

பதம்தான் உயிர்

பட்டறையில் நின்று பார்க்க வேண்டியது தண்ணீர் விடும் நேரம். அலகு முழுக்கச் செக்கச் சிவந்திருக்கிறது. கொல்லர் அதை வாய்ப்பக்கம் மேலாகப் பிடித்துக்கொண்டு, தேநீர்க் கெண்டியின் மூக்கிலிருந்து நூல் போலத் தண்ணீரை விளிம்பின் மேல் மட்டும் முன்னும் பின்னும் ஓட்டுகிறார். விளிம்பு கறுக்கிறது, முதுகு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் தண்ணீர் சற்று அதிகம், நுனியிலும் பிடியோரத்திலும் குறைவு. வெட்டு விழும் இடம் கடினமாகிறது, முதுகு அதிர்ச்சி தாங்கும் மென்மையோடு நிற்கிறது. சில நொடிகளில் முடிந்துபோகும் இந்த வேலையில்தான் கத்தியின் தரம் முடிவாகிறது. எடையில் 100 கிராம் முன்பின் இருந்தால் பழகிக்கொள்ளலாம். பதம் தப்பிய கத்தியோடு பழக முடியாது.

இதைச் சோதிக்க ஒரு சின்ன அரம் போதும். வயிற்று விளிம்பில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடியோரமாக வரவரக் கொஞ்சம் கடிக்க வேண்டும். என் ஆறு கத்திகளில் ஒன்று, சிருபாத்தேயில் இலகுவானது, வயிற்றிலேயே அரத்துக்கு இடம் கொடுத்தது. முதல் மூங்கிலிலேயே அதன் விளிம்பு மடங்கிவிட்டது.

உறையும் தனித்தனி

மூன்று ஆங்-கோலாக்களின் உறைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 640 கிராம் கத்தி மற்றவற்றின் உறையில் லொடலொடத்தது. கவிழ்த்தால் நழுவி விழுந்தது. 790 கிராம் கத்தி பாதி வழியில் சிக்கிக்கொண்டது. உள்ளே மரம், வெளியே எருமைத் தோல் என்று அந்தந்தக் கத்தியின் வளைவுக்கு அளந்து செய்வதுதான் குக்ரி உறை. ஒன்று கெட்டால் இன்னொன்றைக் கடையில் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. உருவும்போது உறையின் வாய்ப்பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. விளிம்பு தையலை அறுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

ஏற்கலாம், ஏற்கக் கூடாது

நீளத்தில் 1 செ.மீ., எடையில் 100 கிராம் வரை கூடக் குறைய இருப்பது, சுத்தியல் தழும்பு, பள்ளத்தின் ஆழம், கூட வரும் கர்தா என்ற குட்டிக் கத்தி, சக்மக் என்ற தீட்டும் கருவி ஆகியவற்றின் அளவு எல்லாம் ஏற்கத் தக்கவை.

முதுகோடு கண்ணை வைத்துப் பார்க்கும்போது அலகு முறுக்கியிருந்தால் வேண்டாம். பூணுக்கும் அலகுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். உதறும்போது பிடிக்குள் சத்தம் கேட்டால் வேண்டவே வேண்டாம். பிடியின் அளவைத் தனியாகக் கவனியுங்கள். பெரிய கைக்காரர்களுக்குப் பல பிடிகள் சிறியவை. நடுவில் இருக்கும் வளையம் விரலைக் கொப்புளிக்க வைக்கும்.

தூரத்திலிருந்து வரவழைப்பதானால் மாடலின் எடையைக் கேட்காதீர்கள். உங்களுக்கு அனுப்பப்போகும் கத்தியை உறையில்லாமல் தராசில் வைத்துப் படம் கேளுங்கள். முதுகுத் தடிமனையும் சமநிலை நிற்கும் இடத்தையும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சொல்வார்.

ஒரு சட்ட விஷயம். இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளோடு குக்ரியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் சரக்குப் பெட்டியில் மட்டுமே வைக்க வேண்டும்.

முடிவு

முதல் குக்ரி வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: 10 அங்குல அலகு, 600 முதல் 680 கிராம், சுமார் 9 மி.மீ. தடித்த முதுகு, பூணிலிருந்து 8 செ.மீ.க்குள் சமநிலை. விறகுக்கே வேண்டும் என்றால் 750-க்கு மேல் போகலாம். தோட்ட வேலைக்கு 500 கிராம் சிருபாத்தே போதும். விலைப் பட்டியலில் இருக்கும் எண்ணை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் கத்தியை அளந்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் தனியாக அடித்தவருக்கு, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து வாங்குவதுதான் நியாயமான மரியாதை.