இருபதாண்டுக் கம்பெனியும் நூறாண்டு வெள்ளமும்

விழுப்புரத்தில் பேருந்து ஏறிச் சென்னைக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் வந்து சேர்வதற்குள் எத்தனை சிறுபாலங்களைக் கடந்தீர்கள் என்று கேட்டால் விடை சொல்ல முடியுமா? பெரும்பாலோரால் முடியாது. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றது மட்டும் நினைவிருக்கும். சாலையின் மேலே போவதற்குக் கணக்கு வைத்திருக்கிறோம். கீழே போகும் தண்ணீருக்குக் கணக்கு வைத்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் இச்சாலையைக் கட்டியவர் யார் என்று பார்ப்போம். தாம்பரம்–திண்டிவனம் பகுதி சுமார் 93 கிலோமீட்டர். அதை நான்கு வழியாக்கும் பணியை ஜி.எம்.ஆர். குழுமமும் மலேசியாவின் யு.இ.எம். குழுமமும் கூட்டாக ஏற்றன. மலேசியாவின் வடக்கு–தெற்கு விரைவுச் சாலையை 1994-இல் கட்டி முடித்தது இந்த யு.இ.எம். குழுமமே. திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரையிலான சுமார் 73 கிலோமீட்டர் ஜி.எம்.ஆர். வசமாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரிய குழுமம் நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. ஒரு சாலைக்கென்றே ஒரு தனிக் கம்பெனி பிறக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதன் வேலையும் முடிகிறது. திண்டிவனம் வரையிலான கம்பெனிக்கு அரசு ஆறு மாதத்திற்கொருமுறை நிலையான தொகை தந்தது. காலம் பதினேழரை ஆண்டு. அதற்குத் தெற்கேயுள்ள கம்பெனி சுங்கம் வசூலித்துக்கொள்ளும் முறை. காலம் 20 ஆண்டு. ஒன்றின் வருவாய் நாட்களைப் பொறுத்தது. மற்றதன் வருவாய் வண்டிகளைப் பொறுத்தது.

இனி வெள்ளத்திற்கு வருவோம். இப்பகுதியில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடல் நோக்கிச் சரிகிறது. செஞ்சி மலைப் பக்கத்து நீரும் தென்பெண்ணை நீரும் கிழக்கே ஓடுகின்றன. சாலையோ வடக்கு தெற்காகக் குறுக்கே கிடக்கிறது. எனவே உயர்த்திப் போட்ட சாலை, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு நீண்ட ஏரிக்கரையாகிவிடுகிறது. பாலத்தின் கண்களே அக்கரையின் மதகுகள்.

பாலம் அமைக்கும் பொறியாளர்கள் 'நூறாண்டு வெள்ளம்' என்ற அளவுகோலைக் கையாளுவது உண்டு. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். ஓர் ஆண்டில் வராதிருக்கும் வாய்ப்பு 0.99. இருபது ஆண்டும் வராதிருக்க வேண்டுமானால் 0.99-ஐ இருபது முறை பெருக்குங்கள், சுமார் 0.82 கிடைக்கும். அதாவது, இருபதாண்டுக் கம்பெனி அந்த வெள்ளத்தைக் காணாமலே விடைபெற நூற்றுக்கு 82 வாய்ப்பு. நூறாண்டு நிற்கவேண்டிய பாலமோ அதை ஒருமுறையாவது சந்திக்க நூற்றுக்கு 63 வாய்ப்பு!

கம்பெனி தீயது என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தங்களில் தர விதிகள் உண்டு. மேற்பார்வைப் பொறியாளரும் உண்டு. ஆனால் விதி சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் ஒரு கண் கூடுதலாகத் திறப்பவர் செலவு செய்பவர். அதன் பயனை அடைபவர் இன்னும் பிறக்காதவர். இருபதாண்டுக் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பயனுக்கு இடமில்லை. என் குற்றச்சாட்டு இந்த ஏற்பாட்டின்மீதுதான்.

2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு சதுரக் கிலோமீட்டரில் மட்டும் 51 கோடி லிட்டர் நீர்! மறுநாள் அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையின்மேல் ஏறிப் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன. ரயில் பாதை அரசினுடையது என்பதை மறக்கக்கூடாது. ஆகவே தனியார் கட்டினால் மூழ்கும், அரசு கட்டினால் மூழ்காது என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது.

மேலும், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பழைய மழைக் கணக்கைக் கொண்டு போட்ட 'நூறாண்டு' இனி அடிக்கடி வரக்கூடும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு பாலத்திற்கும் எவ்வளவு பரப்பின் நீர் வருகிறது, எந்த ஆண்டு வரையிலான மழைக் கணக்கு எடுக்கப்பட்டது, எவ்வளவு வெள்ளத்திற்குக் கண்கள் வைக்கப்பட்டன என்ற மூன்று விவரங்களையும் பாலத்தின் அருகிலேயே பலகையில் எழுதி வைக்கவேண்டும். சுங்கச்சாவடியில் கட்டண விகிதத்தை எழுதி வைக்க முடிகிறதல்லவா? இதையும் எழுதலாம். கம்பெனி போய்விடும், பலகை நிற்கும்.

மாணவர்களே, உங்கள் ஊருக்கருகே சாலை செல்லுமாயின் ஒரு விடுமுறை நாளில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வயல் பக்கமாகச் சென்று பாருங்கள். பாலத்தின் கண்களை எண்ணுங்கள். அவற்றில் எத்தனை தூர்ந்து கிடக்கின்றன என்றும் குறியுங்கள். 2024 வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அந்த உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த பாலத்தைக் கட்ட வருபவர் எந்த நாட்டுக் கம்பெனியாயினும், அவர் முன் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கட்டும்.