வளர்த்து விற்கும் லீக்: போர்ச்சுகலின் 2020-21 கால்பந்துப் பருவம்

1934-35இல் தொடங்கிய போர்ச்சுகலின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில், லிஸ்பன் நகரின் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங், வடக்கே உள்ள போர்ட்டோ ஆகிய மூன்று கழகங்களைத் தவிர வேறு எவரும் பட்டம் வென்றது இரண்டே முறைதான்: 1945-46இல் பெலனென்செஸ், 2000-01இல் போவாவிஸ்டா. அந்த மூவரில் நெடுநாள் பின்தங்கியிருந்த ஸ்போர்ட்டிங், 19 ஆண்டுகளுக்குப் பின் 2020-21 பருவத்தில் பட்டம் வென்றபோது, இளைஞர்களைத் தன் பயிற்சிக் கூடத்திலேயே வளர்த்து ஆடவிட்டு, பின்னர் பணக்கார நாடுகளின் கழகங்களுக்கு விற்று வாழும் போர்ச்சுகல் முறையின் வெற்றியாக அது கொண்டாடப்பட்டது. அந்தப் பாராட்டில் உண்மை உண்டு. ஆனால் அது பட்டியலின் உச்சியை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டது.

உச்சியில் நிகழ்ந்தது பெருமைக்குரியதே. 2018 மே மாதம் முகமூடி அணிந்த ரசிகர் கும்பலொன்று ஸ்போர்ட்டிங்கின் அல்கோஷெட்டே பயிற்சிக் கூடத்துக்குள் புகுந்து வீரர்களைத் தாக்கியதையடுத்து, பல முன்னணி வீரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினர். மீண்டு வந்து அணியைத் தாங்கிய புரூனோ ஃபெர்னாண்டஸும் 2020 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அப்படிச் சிதைந்துகிடந்த அணியை ஏற்ற பயிற்சியாளர் ரூபென் அமோரிம், பின்களத்தில் மூவரை நிறுத்தி இரு ஓரங்களிலும் ஓடி ஏறி இறங்கும் ஆட்டக்காரர்களைப் பயன்படுத்தும் அமைப்பில், 18 வயது நூனோ மென்டெஸ் போன்றவர்களை நம்பிக் களமிறக்கினார். 34 ஆட்டங்களில் 20 கோல்களே வாங்கிய அவ்வணி, முதல் 32 ஆட்டங்களில் தோற்கவேயில்லை. சந்தித்த ஒரே தோல்வியும் பட்டம் உறுதியான பின், பென்ஃபிகாவிடம் 3-4 என்ற கணக்கில் வந்ததுதான். அதே பென்ஃபிகா பருவத்தின் தொடக்கத்தில் வீரர்களை வாங்கச் சுமார் 10 கோடி யூரோ செலவிட்டும் மூன்றாம் இடத்தையே பெற்றது. பணத்தைவிடத் தெளிவான திட்டம் மேலானதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

எனினும் அந்த வெற்றியைப் பயிற்சிக் கூடம் மட்டுமே தேடித் தரவில்லை. ஐரோப்பியப் போட்டியிலிருந்து அக்டோபர் முதல் நாளிலேயே வெளியேறிவிட்டதால், சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதிவரை போன போர்ட்டோவுக்குக் கிடைக்காத ஓய்வு ஸ்போர்ட்டிங்குக்கு வாரந்தோறும் கிடைத்தது. கொரோனாவால் காலியாக இருந்த அரங்கங்கள், சொந்த ரசிகர்களின் சீற்றத்திலிருந்து இளம் வீரர்களைக் காத்திருக்கவும் கூடும். அமோரிமையே பிராகா கழகத்திலிருந்து 1 கோடி யூரோ கொடுத்துத்தான் அழைத்து வந்தார்கள். பட்டத்தை உறுதிசெய்த கோலை அடித்த பாவ்லீன்யோவும், பருவத்தின் நடுவே 1.6 கோடி யூரோவுக்கு அதே பிராகாவிலிருந்து வாங்கப்பட்டவர். 23 கோல்களுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்ற பெத்ரோ கொன்சால்வஸ் ஃபாமலிகாவிலிருந்து வந்தவர். வளர்ப்பவர் ஒருவர், பலன் கொள்பவர் வேறொருவர் என்ற இந்த வழக்கம் நாட்டுக்குள்ளேயே நடக்கும்போது அதன் குறை அப்பட்டமாகத் தெரிகிறது.

விலா டோ கோண்டே என்ற கடலோரச் சிற்றூரின் ரியோ ஆவ் கழகம் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2019-20இல் ஐந்தாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதிபெற்ற அக்கழகம், அடுத்த பருவம் தொடங்குமுன், 18 கோல்கள் அடித்திருந்த ஈரானிய முன்கள வீரர் மெஹ்தி தரேமியைப் போர்ட்டோவிடமும், நூனோ சாந்தோஸை ஸ்போர்ட்டிங்கிடமும், பயிற்சியாளர் கார்லோஸ் கர்வால்யாலைப் பிராகாவிடமும் இழந்தது. 2020 அக்டோபர் 1 அன்று ஸ்போர்ட்டிங் ஆஸ்திரியாவின் லாஸ்க் அணியிடம் சொந்த மண்ணில் 1-4 எனத் தோற்றபோது, அதே இரவில் ரியோ ஆவ் இத்தாலியின் ஏசி மிலானை 2-2 என்று நிறுத்தி, பெனால்ட்டி ஷூட் அவுட்டில் 8-9 எனத்தான் வீழ்ந்தது. எட்டு மாதம் கழிந்தபோது ஸ்போர்ட்டிங் சாம்பியன். 16ஆம் இடத்துக்குச் சரிந்த ரியோ ஆவோ, இரண்டாம் நிலை லீக்கில் மூன்றாவதாக வந்த அரௌகாவுடனான தகுதிகாண் ஆட்டங்கள் இரண்டிலும் தோற்றுக் கீழ்நிலைக்கு இறங்கியது. நன்றாக ஆடியதே ஓர் அணி கலைக்கப்படக் காரணமாகிறது என்றால், அந்த முறையைத் திறமையை வளர்ப்பது என்று மட்டும் சொல்லிப் பாராட்டுவது நியாயமாகாது.

இதற்கு அடிப்படை வருவாயின் ஏற்றத்தாழ்வு. ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்றுக்கொள்வதால், நாடெங்கும் ரசிகர்களைக் கொண்ட மூவருக்குப் பெருந்தொகையும் மற்றவர்களுக்குச் சொற்பமும் கிடைக்கின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்ப வீரரை விற்பதே சிறிய கழகத்துக்கு எஞ்சும் வழி. ஸ்போர்ட்டிங் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த 2021 மார்ச்சில், இவ்வுரிமைகளை 2028-29க்குள் ஒன்றாகத் திரட்டி விற்க வேண்டும் என்ற அரசாணை வெளியானது. தேவையான, மிகவும் தாமதமான நடவடிக்கை அது. ஆனால் திரட்டிய தொகையில் பெரும்பங்கு மீண்டும் ரசிகர் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கப்படுமானால், தரேமி போன்ற ஒருவரை இன்னொரு பருவம் நிறுத்திவைக்கும் வலு ரியோ ஆவ் போன்ற கழகத்துக்கு அப்போதும் வாய்க்காது.