பூஜ்யம் எழுதாத குறிப்பேடு

வேல்ஸ் கடற்கரையில் பறவை பார்ப்பது பழைய பழக்கம். அதற்கு இப்போது புதிதாகச் சூட்டப்படும் மகுடம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பெம்புரோக்‌ஷரின் ஸ்ட்ரம்பிள் முனையிலோ ஆங்கிள்சி தீவின் லைனஸ் முனையிலோ தொலைநோக்கியோடு உட்கார்ந்து, கடந்துபோகும் ஸ்குவாவையும் பெட்ரலையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிற ஒவ்வொருவரும் குடிமக்கள் விஞ்ஞானி என்றும், அந்தப் பதிவுகள் சேரச் சேரக் கடலின் நலம் தானாகவே புலப்பட்டுவிடும் என்றும் ஒரு வாதம் கடந்த இருபது ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. ஈபேர்ட் என்னும் பதிவுத்தளம் 2002-இல் தொடங்கியது; பிரிட்டனில் பேர்ட்ட்ராக்கும் இருக்கிறது. பதிவுகள் மலையாகக் குவிந்துள்ளன. குவியலின் பருமனையே சான்றாகக் காட்டுகிறார்கள். இந்த வாதம் தவறு என்பது என் நெடுநாள் எண்ணம். தென்பட்டதை மட்டும் எழுதும் குறிப்பேடு பறவையைப் பற்றிச் சொல்வது குறைவு. பார்க்கிறவர் எப்போது வந்தார், எதைத் தேடி வந்தார் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது.

இப்பழக்கத்தின் நல்லதை மறுக்க வேண்டியதில்லை. வடமேற்குக் காற்று சீறும் செப்டம்பர்க் காலையில், ஸ்ட்ரம்பிளின் போர்க்காலத்துப் பழைய கட்டடத்துக்குள் ஒடுங்கி அமர்ந்து, தொலைவில் அலைக்குழிகளுக்குள் மறைந்து மறைந்து எழும் ஒரு பறவையை அதன் சிறகடிப்பை வைத்தே இன்னதென்று சொல்வது எளிதில் வராத திறமை. அத்திறமையைச் சுற்றி ஒரு நேர்மையான ஒழுங்கும் வளர்ந்திருக்கிறது. பிரிட்டனின் அபூர்வப் பறவைகள் குழு 1959-இலிருந்து ஒவ்வொரு அரிய பதிவையும் சாட்சி விசாரிப்பதுபோல் ஆராய்ந்து ஏற்கிறது, அல்லது தள்ளுகிறது. ஹேஸ்டிங்ஸ் பகுதியிலிருந்து வந்த பழைய அபூர்வப் பதிவுகள் நம்பத்தகாதவை என்று 1962-இல் மொத்தமாக ஒதுக்கப்பட்டபோது, தங்கள் வரலாற்றையே கிழித்துப்போடும் துணிவு இவர்களுக்கு இருப்பது தெரிந்தது. ஆனால் இந்தக் கண்டிப்பெல்லாம் எந்தக் கேள்வியைச் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். 'இது அந்தப் பறவைதானா?' என்ற கேள்வியை மட்டுமே. எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள், கூடவே வேறென்ன கடந்தது, நேற்று வந்து ஒன்றும் காணாமல் திரும்பியவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்தச் சபையில் இடமில்லை.

2021 ஜூலையில் ஆங்கிள்சியின் கெம்லின் விரிகுடாவில் ஓர் எலிகண்ட் ஆலா வந்தது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் கூடுவைக்கும் பறவை அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் தென்பட்டால் கூட்டம் கூடத்தான் செய்யும், கூடியது. அந்தப் பறவை வந்து நின்ற இடமோ வேல்ஸின் ஒரே சாண்ட்விச் ஆலாக் குடியிருப்பு. 2017-இல் நீர்நாய்களின் தொல்லையால் அந்தக் குடியிருப்பே கைவிடப்பட்டது. பிறகு காவலர்கள் பருவம் முழுக்க அங்கேயே இருந்து, கூடுகளை எண்ணி, இரைகொல்லிகளை விரட்டி, ஆலாக்களை மீண்டும் அமரச்செய்தார்கள். கடற்பறவைகளைப் பொறுத்தவரை கெம்லினின் உண்மையான செய்தி அதுதான்: ஒரு குடியிருப்பு எதனால் உடைகிறது, எதனால் திரும்ப ஒட்டுகிறது என்பது. வழிதவறி வந்த ஒற்றைப் பறவை அதன் இனத்தின் நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆங்கிள்சியின் நிலையைப் பற்றியும் சொல்வதில்லை. இருந்தும் பதிவுகளின் எண்ணிக்கையில் அந்த ஒன்றே பல மடங்காகப் பெருகி நிற்கிறது, ஏனென்றால் பார்த்தவர் ஒவ்வொருவரும் அதை எழுதினார்கள். கல்லாவில் விழுந்த பெரிய நோட்டுகளை மட்டும் குறித்துவைக்கும் கடைக்காரரால் அன்றைய வியாபாரத்தைச் சொல்ல முடியாது. இந்தப் பதிவேடுகளின் கதியும் அதுதான்.

அபூர்வங்களை விட்டுவிடுவோம். சாதாரணப் பறவைகளின் எண்ணிக்கையாவது முனைகளிலிருந்து கிடைக்காதா? கிடைக்கிறது, ஆனால் அது எதன் எண்ணிக்கை என்று கேட்க வேண்டும். கடல் நோக்குபவர்கள் புயலுக்குக் காத்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து அடித்த காற்று வடமேற்காகத் திரும்பும் நாளில் பறவைகள் கரையோரம் ஒதுக்கப்படும். அன்றைக்குத்தான் முனையில் ஆள் நிற்கும். காற்றில்லாத தெளிந்த நாளில் அதே பறவைகள் கண்ணுக்கெட்டாத தொலைவில் போகின்றன; அன்று எழுத ஆளில்லை. ஆக, பதிவுகளில் உயர்ந்தும் தாழ்ந்தும் தெரிவது பெரும்பாலும் காற்றின் வரலாறு. மாங்க்ஸ் ஷியர்வாட்டர் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. ஸ்கோமர், ஸ்கோக்ஹோம் தீவுகளில் உலகின் மாங்க்ஸ் ஷியர்வாட்டர்களில் ஏறத்தாழப் பாதி மண்வளைகளுக்குள் கூடுவைக்கின்றன. ஸ்கோமரில் மட்டும் சுமார் 3,50,000 இணைகள். கோடை மாலையில் முனையைக் கடந்து ஆயிரக்கணக்கில் போகும் அந்த வரிசையில் காலையில் போனவை எத்தனை, திரும்பி வருபவை எத்தனை என்று பிரித்தறிய வழியே இல்லை. அந்த 3,50,000 என்ற எண்ணோ யாரும் கடலைப் பார்த்துக் கண்டதல்ல. வளைகளின் வாயில் ஷியர்வாட்டரின் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்டு, உள்ளே பறவை இருந்தும் பதில் தராத வளைகள் எத்தனை விழுக்காடு என்பதைத் தனியே சோதித்துத் திருத்தி, குனிந்து குனிந்து எடுத்த கணக்கு. பதிலில்லாத வளையும் அதில் ஓர் எண். அந்தப் பூஜ்யம் இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருளில்லை.

என் எதிர்ப்பின் மையம் இதற்கும் கீழே இருக்கிறது. கடற்பறவைகள் நீண்டகாலம் வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை. கில்லிமாட் ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். முதல் முட்டைக்கே பல ஆண்டுகள் காத்திருக்கும். மாங்க்ஸ் ஷியர்வாட்டரும் அப்படியே. பார்ட்சி தீவில் 1957-இல் வளையமிடப்பட்ட ஒன்று 2000-க்குப் பிறகும் உயிரோடு கையில் அகப்பட்டது. இத்தகைய இனத்தில் குஞ்சுகள் ஆண்டுக்கு ஆண்டு பட்டினியில் செத்தாலும், வளர்ந்த பறவைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முனையைக் கடந்து பறந்துகொண்டேதான் இருக்கும். தொலைநோக்கியில் தெரிவது அவைதான். ஓர் இனம் பிள்ளையில்லாமல் மூப்படைந்து வரும்போதும் பதிவேடு அதை நலமாக இருப்பதாகவே காட்டும். காட்சி குறையத் தொடங்கும் நாளில் காரணம் பழசாகிப் போயிருக்கும். எத்தனை லட்சம் பதிவுகளைச் சேர்த்தாலும் இந்தக் குறை தீராது. காட்சி என்பது பறவையின் இருப்பைத் தொடுகிறது. பிறப்பையும் இறப்பையும் அது தொடுவதே இல்லை. ஓர் இனத்தின் கதியை முடிவுசெய்வதோ அவ்விரண்டுதான்.

அவற்றைத் தொட்டவர்கள் ஓரிடத்தில் தங்கியவர்கள். ரொனால்ட் லாக்லி 1927-இல் ஸ்கோக்ஹோமில் குடியேறி, 1933-இல் அங்கே பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகத்தை நிறுவினார். ஷியர்வாட்டர் தன் முட்டையை ஏழு வாரங்களுக்கு மேல் அடைகாக்கிறது என்பதை அவர் கண்டது வீட்டருகே இருந்த சில வளைகளில், வளையமிட்ட சில பறவைகளிடம். அடையாளம் தெரிந்த பறவையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அந்த அறிவு கிட்டும். டிம் பர்க்ஹெட் 1972-இல் ஸ்கோமரின் கில்லிமாட்களை எண்ணத் தொடங்கினார். 1930-களில் ஒரு லட்சம் அளவில் இருந்ததாகக் கணிக்கப்படும் பறவைகள் அப்போது சில ஆயிரமாகச் சுருங்கியிருந்தன. அதே பாறைகள், அதே ஜூன் வாரங்கள், அதே முறை என்று தொடர்ந்ததால்தான் பின்னால் வந்த மீட்சியும் தெரிந்தது, அந்த மீட்சி எந்த வேகத்தில் என்பதும் தெரிந்தது. பார்ட்சியில் 1953-இலிருந்து ஆய்வகத்தார் தினக்குறிப்பு எழுதிவருகிறார்கள். இருண்ட இரவுகளில் கலங்கரை விளக்கத்தில் மோதி மடிந்த பறவைகள் அந்தக் குறிப்பில் பதிந்தன. 2014-இல் சுழலும் வெள்ளை ஒளிக்குப் பதில் சிவப்பு விளக்கு வைத்ததும் அந்த ஈர்ப்பு நின்றுபோனதைப் பிழையறச் சொல்ல முடிந்தது இந்தத் தொடர்ச்சியால்தான். வழிப்போக்கரின் பதிவுகள் ஆயிரம் இருந்தாலும் அதைச் சொல்லியிருக்காது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு: ஒழுங்கற்ற பதிவுகளையும் புள்ளியியல் நேராக்கிவிடும் என்பது. பார்த்த நேரம், தூரம், 'கண்டதனைத்தையும் எழுதினீர்களா' என்ற விவரம் ஆகியவற்றைச் செயலிகள் கேட்கத்தான் செய்கின்றன. முழுப்பட்டியல் தந்தவர்களின் பதிவுகளுக்கு மதிப்பு உண்டு என்பதை ஏற்கிறேன். அதில் எழுதப்படாத பறவை 'காணவில்லை' என்று பொருள்படும். ஆனால் அந்த விவரம் அவரவர் விருப்பம். மேலும், புயலைத் தேடி வந்தவரின் முழுப்பட்டியலும் புயல் நாளின் பட்டியலே. எப்போதும் எழுதப்படாத நாட்களை எந்தச் சமன்பாடும் இட்டு நிரப்பாது. பலேரிக் ஷியர்வாட்டரின் கதையை எடுத்துக்கொள்ளலாம். மத்தியதரைக் கடலில் கூடுவைக்கும், அழிவின் விளிம்பில் உள்ள அந்தப் பறவை பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் அதிகம் தென்படுவதை வைத்து, கடல் வெப்பமாவதே காரணம் என்று 2007-இல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் காரணம் நிற்குமா என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே இதழில் கேட்டார்கள். காட்சிப் பதிவுகளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பு அது. பறவைகள் வடக்கே வருகின்றன என்ற எச்சரிக்கையை அவை தந்தன. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஏன் வருகின்றன என்ற இடத்தில் அவற்றால் வழக்கை முடிக்க முடியவில்லை.

இன்னொரு மறுமொழி கனமானது. கூடு எண்ணுபவர்களும் இதே ஆட்கள்தானே, அபூர்வங்களின் கிளர்ச்சி இல்லையென்றால் தொண்டர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது. உண்மைதான். 2015 முதல் 2021 வரை நடந்த பிரிட்டன், அயர்லாந்துக் கடற்பறவைக் கணக்கெடுப்பில் தொண்டர்கள் உழைத்தார்கள். மாதம் ஒரு முறை குறித்த நாளில் டீ, பரி முகத்துவாரங்களில் நின்று, வந்ததையும் வராததையும் எழுதும் ஈரநிலக் கணக்கெடுப்பும் தொண்டர்களால் நடக்கிறது. என் வாதம் அவர்களை எதிர்ப்பதல்ல. அவர்களையே சாட்சியாக அழைக்கிறது. அதே மனிதர், அதே தொலைநோக்கி. பார்க்கும் நாளை அவர் தேர்ந்தெடுக்காமல் நாட்காட்டி தேர்ந்தெடுத்ததும் அவர் எழுதுவது அறிவியலாகிவிடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பெயரால் அழைப்பதால் நட்டம் யாருக்கு? மழையில் ஆளில்லாத சேற்றுக்கரையில் நின்று பூஜ்யம் எழுதுகிறவருக்கு. எலிகண்ட் ஆலாவைப் பார்த்தவருக்கும் அவருக்கும் ஒரே பட்டம் என்றால், மழையில் நிற்பானேன்?

இதன் விலையைக் கார்மார்தன் விரிகுடா காட்டியது. 1996 பிப்ரவரியில் மில்ஃபோர்ட் ஹேவன் வாயிலில் சீ எம்ப்ரஸ் கப்பல் தரைதட்டி 72,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் படிந்து கரைக்கு வந்த சுமார் 7,000 பறவைகளில் ஸ்கோட்டர் வாத்துகளே மிகுதி. கரையிலிருந்து பார்க்கும் எவருக்கும் இந்த வாத்துக் கூட்டம் தொலைவில் ஒரு கருங்கோடு. யாரும் அதைக் காண ஊர்தாண்டி வருவதில்லை. கார்மார்தன் விரிகுடாவில் எத்தனை இருந்தன, எத்தனை திரும்பின என்பதை விமானத்திலிருந்து எண்ணித்தான் அறிய வேண்டியிருந்தது. அந்த விரிகுடா 2003-இல் பிரிட்டனின் முதல் முழுமையான கடல் பறவைக் காப்பிடமானது அந்த எண்ணிக்கையின் பலத்தில். கிராஸ்ஹோம் தீவிலும் இதே பாடம். 2022-இல் பறவைக் காய்ச்சல் தாக்கியபின், 34,000-க்கு மேலிருந்த கேனட் கூடுகள் அடுத்த ஆண்டில் 16,500 அளவுக்குச் சரிந்ததை முந்தைய கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது, முந்தைய கணக்கு இருந்ததால். முனையில் நின்றவருக்கு அந்தக் கோடையிலும் கேனட்கள் கடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

2014-இல் பர்க்ஹெட்டின் கில்லிமாட் ஆய்வுக்கு வந்துகொண்டிருந்த வேல்ஸ் அரசு அமைப்பின் நிதி நிறுத்தப்பட்டது. அட்லாண்டிக் புயல்களில் பல்லாயிரம் கடற்பறவைகள் செத்து ஒதுங்கிய குளிர்காலத்தை அடுத்து. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஆய்வு தொடர வேண்டியதாயிற்று. காட்சிப் பதிவுகளின் புகழால்தான் அந்த நிதி நின்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரவு இலவசமாகக் குவிகிறது என்று நிதி தருபவர் நம்பும் காலத்தில், ஒரே பாறையை நாற்பது ஆண்டுகளாக எண்ணுகிறவர் தன் வேலை ஏன் தேவை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காட்சிப் பதிவுகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்தே எழுத வேண்டும். பதிவேடுகளை நடத்துபவர்கள் நேரம் குறிக்காத, முழுப்பட்டியல் இல்லாத பதிவுகளைப் போக்குகளைக் கணிக்கும் கணக்கிலிருந்து வெளிப்படையாகவே பிரித்து வைக்கட்டும். ஸ்ட்ரம்பிளுக்கு வருகிறவர்கள் முறைபோட்டுக்கொண்டு, காற்று எந்தத் திசையில் இருந்தாலும் வாரத்தில் இரண்டு காலைகள் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கடக்காத மணிநேரத்தையும் எழுதட்டும்.