பித்தளை வாத்தியமும் தார் சுற்றும் கையும்

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் திருவிழா அக்டோபரில் வரும். தேருக்கு முன்னால் போகும் பேண்டு செட்டில் என் சித்தப்பா டிரம்பெட் ஊதுவார். மற்ற நாட்களில் சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அதே தறிக்குடோனில் சித்தி தார் சுற்றுகிறார். பத்து வயதில் நான் அந்த டிரம்பெட்டைக் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு மூச்சு பத்தாது கண்ணு" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் நான் நம்பிவிட்டேன்.

இப்போது அவர் செல்பேசியில் இங்கிலாந்து பேண்டுகளைப் பார்க்கிறார். மொழி தெரியாது. எந்த விரல் எந்த வால்வை அழுத்துகிறது என்று பார்த்தே மெட்டைப் பிடித்துவிடுவார். பிடித்ததை ஊதிப் பதிவு செய்து, துபாயில் வேலை பார்க்கும் பழைய செட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்புவார். அங்கிருந்து வேறொன்று வரும். அப்படி வந்த ஒரு காட்சியை என்னிடம் நீட்டி, "இந்தப் புள்ள ஊதறதப் பாரு" என்றார். அது 1996இல் மார்க் ஹெர்மன் இயக்கிய 'பிராஸ்டு ஆஃப்' படத்தின் காட்சி. ஆண்களாக உட்கார்ந்திருக்கும் பேண்டின் நடுவே ஒரு பெண் ஃப்ளூகல்ஹார்ன் ஊதுகிறாள். அவள் ஊத ஊத ஆண்களின் முகம் மாறுகிறது. அதற்காகவே முழுப் படத்தையும் பார்த்தேன்.

சுரங்கம் மூடப்படப்போகிறது, பேண்டு மட்டும் தலைநிமிர்ந்து நிற்கிறது என்பதுதான் கதை. யார்க்‌ஷயரின் கிரைம்தோர்ப் ஊரில் நடந்ததை ஒட்டியது. 1992இல் சுரங்கத்தை மூடும் அறிவிப்பு வந்த சில நாட்களில் அந்த ஊர் பேண்டு தேசியப் போட்டியில் வென்றது. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தி வாரக்கணக்கில் உட்கார்ந்த ஊர்க்காரிக்கு இந்தப் படம் அந்நியமாகத் தெரியவில்லை. அழுதேன். அழுத பிறகுதான் எண்ணத் தொடங்கினேன்.

குளோரியா பேண்டுக்குள் வருவது வாசிப்பின் பலத்தால் மட்டுமல்ல. அவள் தாத்தா அங்கே பேர் பெற்ற கலைஞர். அந்தப் பேர்தான் அனுமதிச் சீட்டு. பிறகு பேண்டு லண்டன் போகப் பணமில்லாதபோது தன் காசை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். சாண்ட்ராவைப் பாருங்கள். வீட்டுச் சாமான்களைக் கடன்காரர்கள் தூக்கிப் போகிறார்கள். கணவன் புது டிராம்போன் வாங்கி வருகிறான். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினால் படம் அவளை இரக்கமில்லாதவளாகக் காட்டவில்லைதான். ஆனால் அவனுக்குத் தருகிற நேரத்தை அவளுக்குத் தருவதில்லை. பேண்டு போகும் இடமெல்லாம் ஊதா உடை போட்டுப் பின்னாலேயே போகும் இரண்டு மனைவிமார் வெறும் சிரிப்புக்கு. எங்கள் ஊரில் வேலைநிறுத்தக் காலத்தில் மகளிர் குழுக் கடன் தவணைக்கு முகம் கொடுத்தது யார் என்று தெரிந்தவர்களுக்குச் சாண்ட்ராவின் கதைதான் முழுப் படம்.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஆண்களின் முகத்தை மாற்றிய அந்த ஊதல் நடிகையுடையது அல்ல. கிரைம்தோர்ப் பேண்டின் ஆண் கலைஞர் ஒருவர் ஊதிப் பதிவு செய்தது. சினிமாவில் இது சாதாரணம், குற்றமில்லை. ஆனால் நாடு நாடாகக் கைமாறி, பெண்ணும் ஊதுவாள் என்று என் சித்தப்பாவையே நம்பவைத்த காட்சியில் உருவம் பெண், மூச்சு ஆண்.

இந்த இசை எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் அதுவும் தறிச் சத்தத்துக்குள்தான் போகிறது. உலகின் பேர்பெற்ற பிளாக் டைக் பேண்டு, யார்க்‌ஷயரின் குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டரின் கம்பளி ஆலையோடு 1855இல் சேர்ந்து வளர்ந்தது. அந்த வட்டாரக் கம்பளி ஆலைகளில் விசைத்தறி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேண்டில் ஆண்கள். அச்சடித்த இசைத்தாள்களும் போட்டிகளும் இந்த இசையை ஊர் ஊராகக் கொண்டுபோயின. லங்காஷயரின் பெஸ்ஸஸ் ஓ' த' பார்ன் பேண்டு 1906இல் கப்பலேறி உலகம் சுற்றக் கிளம்பியது. ஆண்கள் பல மாதங்கள் கடலில் இருந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்று அந்தப் பயணத்தைப் புகழ்பவர்கள் யாரும் கேட்பதில்லை.

அதே பெஸ்ஸஸ் பேண்டோடு 1940களில் கார்னெட் வாசித்தவர் கிரேஸி கோல். சுரங்கத் தொழிலாளியின் மகள், அப்பாவிடம் கற்றவர். 1952இல் பெண்கள் மட்டுமே இருந்த இசைக்குழுவைத் தானே நடத்தினார். படம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அசல் மூச்சு அங்கே இருந்தது.

நமக்கும் இருந்தது. மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் நாதஸ்வரத்தைக் கையிலெடுத்தவர். டிரம்பெட்டைவிட அது மூச்சைக் குறைவாகக் கேட்கும் வாத்தியமல்ல. கணவர் இறந்த பிறகு, மங்கல வாத்தியத்தை விதவை வாசிப்பதா என்ற வழக்கம் அவரை மேடையிலிருந்து இறக்கியது. மூச்சு பத்தாமல் போகவில்லை. அழைப்புதான் வராமல் போனது. 2012இல் அவர் இறந்தபோது சித்தப்பாவின் செட்டில் ஒருவரும் அதைப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. யார்க்‌ஷயர் அவர்களுக்குக் கைக்கெட்டிவிட்டது, மதுரை எட்டவில்லை.

கிரேஸி கோலின் பழைய பதிவொன்றைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் தறிக்குடோனுக்குப் போனபோது தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது நெசமாலுமே பொம்பளையா?"

"ஆமாங்க சித்தப்பா. இது நடிப்பில்லைங்க."

மறுபடி முதலிலிருந்து போட்டார். தார் மிஷினிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தார். ராத்திரி ராத்திரியாக அவர் பழகியதைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டில் எல்லா மெட்டும் தெரிந்தவர் அவர்தான். எங்கே சித்தப்பா தடுமாறுவார் என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லா ஊதறா" என்றார். அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டபடியே கேட்டார்:

"ஏங்கண்ணு, இவ ஊதப் போனப்ப ஊட்டுல சோறு ஆராக்குனாங்க?"