மிதித்த காலும் மிதிக்கச் செய்த கையும்

துன்பத்திலும் துரோகத்திலும் இறைவனை நம்பியிருத்தல் கிறிஸ்தவ இலக்கியத்தின் பழம்பொருள். யோபுவின் கதை தொட்டு அது தொடர்கிறது. அப்பொருளை எடுத்தாண்ட நவீன நாவல்களுள் யப்பானிய எழுத்தாளர் சூசாக்கு எண்டோ 1966 இல் வெளியிட்ட ‘மௌனம்’ முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்கது. சமயப் பொருள் என்றதும் ‘இது நமக்குரியதன்று’ என ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அவர்களும் இந்நாவலைப் படித்தல் வேண்டும். ஒருவனது நம்பிக்கை எவ்வாறு உடைக்கப்படுகிறது, உடைந்தவனை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாக்கள் கோயிலுக்குள் மட்டும் எழுவன அல்ல.

பிரான்சிஸ் சவேரியார் 1549 இல் யப்பானில் இறங்கியபின் அங்கு பரவிய கத்தோலிக்க சமயத்தை 1614 இல் ஷோகுன் ஆட்சி நாடு முழுவதும் தடைசெய்தது. 1633 இல் யேசு சபையின் மூத்த குருவாகிய பெரெய்ரா, குழியொன்றில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, வேதனை பொறாது சமயத்தைத் துறந்தார். இது வரலாறு. அவரைத் தேடி இரகசியமாக வந்து சேரும் றொட்றிகெஸ் என்ற இளங்குருவின் கதையே நாவல். 1643 இல் வந்து பிடிபட்ட கியாரா என்ற இத்தாலியக் குருவை முன்மாதிரியாகக் கொண்டு எண்டோ இப்பாத்திரத்தைப் படைத்தார்.

வேதசாட்சியாக இறக்கும் பெருமையை மனத்திற் கொண்டு வருகிறார் றொட்றிகெஸ். ஆனால் இறப்பவர்கள் குடியானவர்கள். மோக்கிச்சியும் இச்சிசோவும் கடலோரத்திலே மரத்தூண்களிற் கட்டப்பட்டு, ஏறிவரும் அலைகளால் வதைபட்டு மடிகின்றனர். கடல் ஒலிக்கிறது, கடவுள் பேசவில்லை. பின்னர் கிச்சிஜிரோ என்பவன் குருவைக் காட்டிக்கொடுக்கிறான். அவனை யூதாஸாகவும் தம்மைக் கிறிஸ்துவின் பாடுகளிற் பங்குகொள்பவராகவும் றொட்றிகெஸ் காண்கிறார்.

இந்தக் காட்சிப்பிழையை எண்டோ ஓரிரவில் உடைத்தெறிகிறார். சிறையிலிருக்கும் குருவின் காதில் குறட்டை ஒலி விழுகிறது. காவலாளர் உறங்குகின்றனர் என்றெண்ணி அவர் எரிச்சலடைகிறார். அது குறட்டையன்று, குழியிலே தொங்கும் குடியானவரின் முனகல் என்று பெரெய்ரா வந்து கூறுகிறார். அவர்கள் ஏற்கெனவே சமயத்தைத் துறந்துவிட்டவர்கள். ஆயினும் குருவும் துறக்கும்வரை அவர்களுக்கு விடுதலையில்லை. தமது சிலுவைப் பாதையையே நினைந்திருந்தவருக்கு அயலானின் வேதனை குறட்டையாகக் கேட்டது! யேசுவின் உருவம் பொறித்த தகட்டை அவர் மிதிக்கிறார். மிதிக்குமாறு அவ்வுருவமே தமக்குச் சொல்வதாக உணர்கிறார். அப்போது சேவல் கூவுகிறது.

கிச்சிஜிரோவும் வெறும் துரோகியாகப் படைக்கப்படவில்லை. காட்டிக்கொடுத்த பின்னரும் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் குருவின் பின்னாலேயே அலைகிறான். துன்பமில்லாத காலத்திலே பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்திருப்பேன் என்பது அவனது முறையீடு. வீரருக்கு மட்டும் இடமுள்ள நம்பிக்கை மக்களின் நம்பிக்கையாக முடியுமா? இவ்வினாவை எழுப்பியதே நாவலின் பெருஞ்சாதனை.

நூல் வெளிவந்தபோது யப்பானியக் கத்தோலிக்கர் பலர் சினந்தனர். இடதுசாரி மாணவரோ அதில் வேறொன்றைக் கண்டனர். 1933 இல் யப்பானியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் இருவர், சானோவும் நாபேயாமாவும், சிறையிலிருந்தபடியே தம் கொள்கையைத் துறந்து அறிக்கை விடுத்தனர். அவர்களைத் தொடர்ந்து பலர் துறந்தனர். பெரெய்ரா வீழ்ந்து சரியாக முந்நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. கொள்கை வேறு; சிறை ஒன்றே. தகட்டைத் தரையில் வைத்த கையை மறந்து, மிதித்த காலை மட்டும் விசாரிப்பது அதிகாரத்துக்கே துணைபோவதாகும்.

ஆயினும் நாவலுக்கு எல்லையுண்டு. 1637 இல் ஷிமாபாராவில் எழுந்த கிளர்ச்சி இங்கே பின்னணிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. தாங்கொணா வரியினால் வாடிய விவசாயிகள் சிலுவைக் கொடியின்கீழ்த் திரண்ட எழுச்சி அது. 1638 இல் அது நசுக்கப்பட்டபோது பல்லாயிரவர் மாண்டனர். அப்பகுதிப் பிரபுவைக் கொடுங்கோன்மைக் குற்றத்துக்காக ஷோகுன் ஆட்சியே சிரச்சேதம் செய்தது. நோய் எங்கிருந்ததென்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். கிளர்ச்சிக்காரர்மீது பீரங்கி சுட்டு உதவியது ஒல்லாந்தக் கம்பனி. அதே கம்பனிதான் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தது. 1687 இல் யோசேவாஸ் அடிகள் இங்கு மாறுவேடத்தில் வரவேண்டியிருந்தது. புறத்தே கம்பனியின் சபையிற் பெயரைப் பதிந்து, அகத்தே தம் சமயத்தைப் பேணிய நம் முன்னோர் பலர். அவர்களைத் துரோகிகள் என்று நாம் அழைப்பதில்லை.

கடவுளின் மௌனத்துக்கு எண்டோ காணும் விடை, தனியொரு குருவின் உள்ளத்தில் ஒலிக்கும் குரல். குடியானவர் கண்ட விடை வேறு. நாகசாக்கிப் பகுதி மக்கள் ஆண்டுதோறும் அத்தகட்டை மிதித்தனர். மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள் வீடு திரும்பி மனஸ்தாப மந்திரம் சொல்லினர். குருவில்லாத ஊர்களில் ஞானஸ்நானம் கொடுப்பவர், திருநாள் கணிப்பவர் எனப் பொறுப்புக்களைத் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டனர். 200 ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் 1865 இல் நாகசாக்கியிற் புதிதாக எழுந்த ஆலயத்துக்கு வந்து, பிரெஞ்சுக் குருவிடம் தம்மை வெளிப்படுத்தினர். அதன் விளைவாக 3,000 க்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு நாடுகடத்தப்பட்டனர். 1873 இல்தான் தடை நீங்கியது.

குருவுக்கு மிதித்தல் கதையின் முடிவாயிற்று. இம்மக்களுக்கு அது ஆண்டுக்கொரு முறை வந்துபோன அவமானம். அவ்வவமானத்தை ஒருவர் மற்றவர்மீது பழியாகச் சுமத்தாது, வீழ்ந்தவரையும் தம்முடனே வைத்துக்கொண்ட சமூகத்தில்தான் நம்பிக்கை நிலைத்தது. கிச்சிஜிரோவைப் படைத்தவர் இவ்வுண்மையின் வாயில்வரை வந்தார். உள்ளே சென்று அச்சமூகத்தின் கதையை எழுதுவது, எந்த மொழியிலாயினும், மக்களைக் கண்டறிந்த எழுத்தாளனின் கடமையாகும்.