சீமாட்டிகளின் பகல் போஜனம்

பணக்கார வீட்டுப் பெண்கள் பகல் சாப்பாட்டுக்குக் கூடி, மூன்று மணி வரைக்கும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்பதை நம் கதைகளில் எத்தனையோ தடவை படித்தாயிற்று. உதட்டுச் சாயம், கையில்லாத ரவிக்கை, சீட்டுக்கட்டு, வாய் நிறைய இங்கிலீஷ். கடைசியில் அந்த அம்மாளுக்கு ஒரு தண்டனை. எழுதுகிறவருக்கு அவர்கள்மேல் கோபமா, பொறாமையா என்பது முடிவுவரை விளங்குவதில்லை.

நான் இருப்பது சடையங்குப்பத்தில். மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து, பதினைந்து நிமிஷத்தில் மூடிவிடுகிற வட்டாரம். அதனாலோ என்னவோ, நிதானமாகச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் நான் ஒருவிதப் பசியோடு படிப்பேன்.

அப்படிப் படித்தது ட்ரூமன் கபோட்டியின் 'லா கோட் பாஸ்க், 1965'. நியூயார்க்கில் அந்தப் பெயரில் ஒரு பிரெஞ்சு ஹோட்டல் இருந்தது, 2004-ல் மூடிவிட்டார்கள். அங்கே ஒரு பகல் விருந்து. ஒரு சீமாட்டி ஊர் வம்பையெல்லாம் அளக்கிறாள். எதிரே ஓர் எழுத்தாளன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை. 1975 நவம்பர் 'எஸ்கொயர்' பத்திரிகையில் அது வந்ததும் கபோட்டிக்குப் பல வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. இத்தனை நாள் தங்கள் மேஜையில் அவருக்கு இடம் கொடுத்தவர்களின் அந்தரங்கந்தான், பாதி பெயர் மாறியும் மாறாமலும் அச்சேறியிருந்தது. பேப் பேலி என்ற உயிர்த் தோழி 1978-ல் சாகிறவரை அவருடன் சமாதானமாகவில்லை. ஆன் உட்வார்ட் என்று ஒரு பெண்மணி. 1955-ல் திருடனென்று நினைத்துக் கணவனைச் சுட்டுவிட்டதாகச் சொன்னவள். வழக்கு வேண்டாமென்று ஜூரிகள் விட்டுவிட்டார்கள். கபோட்டியின் கதை விடவில்லை. அது வெளிவருவதற்குச் சற்று முன், அந்த அக்டோபரில், அவள் தற்கொலை செய்துகொண்டாள். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். எழுத்தாளனுக்கும் இது பொருந்துமென்றால் உலக இலக்கியத்தில் பாதியைக் கொளுத்திவிட வேண்டியதுதான். தின்ற வீட்டைப் பற்றி எழுதாமல் தின்னாத வீட்டைப் பற்றியா எழுதுவது? என் புகார் வேறு. அத்தனை விருந்துகளில் உட்கார்ந்தும் கபோட்டி வம்பைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார். இந்தப் பெண்கள் எதற்காக இங்கே வந்து உட்காருகிறார்கள் என்ற கேள்வியில் அவருக்கு ருசி குறைவு.

வர்ஜீனியா உல்ஃபுக்கு அந்த ருசி இருந்தது. 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் லேடி புரூட்டனின் பகல் விருந்து சில பக்கங்கள்தாம். சாப்பாடு, யாரும் காசு கொடுக்காமல் தானாகவே மேஜைக்கு வந்துவிட்டதுபோல் ஒரு மயக்கம். சத்தமில்லாமல் நடமாடும் பணிப்பெண்கள். ஆனால் விருந்தின் காரணம் என்ன தெரியுமா? அந்த அம்மாள் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். பணமும் குலமும் அதிகாரக் குரலும் உண்டு. கடிதம் எழுத வராது. அதற்காக இரண்டு ஆண்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். இவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. நம் கதைகளின் கிளப் சீமாட்டிகள் ஒருத்தியிடமும் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

இங்கே கிட்டி பார்ட்டி என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறாள். எங்கள் பக்கத்து மீன்காரப் பெண்கள் போடும் குலுக்கல் சீட்டும் இதேதான். என்ன, அங்கே ஐஸ்கிரீம் கிடையாது. இரண்டு இடத்திலும் கைக்கு வருவது புருஷனிடம் கணக்குச் சொல்லவேண்டாத பணம். பங்களாக்காரிக்கும் அப்படி ஒரு பணம் தேவைப்படுகிறது என்பதில் ஒரு நாவலே இருக்கிறது. நானறிந்த தமிழ்க் கதை எதுவும் அந்தப் பணத்தை எண்ணிப் பார்த்ததில்லை. தன் முறை வந்த மாதம் அவள் அதை என்ன செய்தாள், எங்கே ஒளித்து வைத்தாள் என்று யாராவது எழுதட்டும். முதல் பிரதி எனக்கு.