உழுகிறவரும் உழவரும்: ஒரு சந்தையை வாசித்தல்

உழவர் சந்தையைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு புழங்குகிறது. ஒன்று அரசின் பேச்சு: இடைத்தரகரை விலக்கி உழவரையும் நுகர்வோரையும் நேருக்கு நேர் நிறுத்திய திட்டம். மற்றது தோழர்கள் சிலரின் பேச்சு: வெறும் சீர்திருத்தம், இதில் பேச என்ன இருக்கிறது? முதலாவது கொண்டாடி முடித்துவிடுகிறது. இரண்டாவது வாசிக்காமலேயே மூடி வைத்துவிடுகிறது. இரண்டுமே சந்தைக்குள் போய்க் கால் மணி நேரம் நின்று பார்க்காதவர்களின் பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது.

மதுரை நகருக்குள் இருக்கும் உழவர் சந்தைகளில் ஒன்றுக்கு வாராவாரம் போய்வருகிறேன். காய் வாங்கத்தான், ஆய்வு செய்ய அல்ல. ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், பெயர்ப்பலகையைப் பார்த்தாலும் உரை எழுதத் தோன்றும். எனவே பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

1

1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' வந்திருந்தது. அதற்கும் முன்னால் 1987இல் பஞ்சாப் பக்கம் 'அப்னி மண்டி', அதாவது 'நம்ம மண்டி'. திட்டம் ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு. பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது.

'ரைத்து' என்பது 'ரயத்து'. நமக்குத் தெரிந்த ரயத்துவாரி முறையின் அதே ரயத்து. தாமஸ் மன்றோ காலத்திலிருந்து சென்னை மாகாணத்தில் அந்தச் சொல்லின் பொருள், சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டாதாரர் என்பதே. ஏர் பிடித்தாரா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்கு அவசியமில்லை. தமிழ்நாட்டிலோ அந்த வருவாய்த்துறைச் சொல்லை விட்டுவிட்டு, குறளில் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாகவே நிற்கும் 'உழவு' என்பதிலிருந்து 'உழவர்' எடுக்கப்பட்டது. அழகான சொல், சந்தேகமில்லை. ஆனால் பலகையில் உழவர் என்று எழுதி, வாசலில் ரயத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள். இலக்கியச் சொல் வருவாய்த்துறைச் சொல்லை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்லவருவது.

2

உள்ளே நடப்பதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆண்டு முழுக்க, மழையோ வெயிலோ, விடியும் முன்பே மூட்டைகள் வந்து இறங்குகின்றன. மேடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தை நிர்வாகத்தினுடையது, காலையில் வாங்கி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். நுழைவில் அன்றைய விலைப்பலகை. வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் ஒருவர் சொன்னார்: "மண்டிக்குக் கொண்டுபோனா அவுக சொன்னதுதான் எடை, அவுக சொன்னதுதான் வெல. கமிஷனு, எறக்குகூலின்னு புடிச்சது போக மிச்சந்தான் கைக்கு வரும். இங்க தராசு என் கண்ணு முன்னால நிக்குதுல்ல சார்."

தன் பொருளின் எடையைத் தன் கண்ணால் பார்ப்பதைச் 'சீர்திருத்தம்' என்று ஒதுக்குகிறவர் ஒருநாளாவது மண்டியில் மூட்டை இறக்கியிருக்க வேண்டும்.

சரி, அந்த விலைப்பலகையில் இருக்கும் விலை எங்கிருந்து வருகிறது? வேளாண் விற்பனைத் துறையினர் மொத்த விலைச் சந்தையின் அன்றைய விலையை விசாரித்து, அதற்குச் சுமார் 20 சதவீதம் மேலேயும், வெளிச் சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழேயும் நிற்கும்படி வைக்கிறார்கள். அதாவது, தரகரை வெளியேற்றிய சந்தை தன் விலையைத் தரகரின் ஏலத்திலிருந்துதான் கேட்டுக்கொள்கிறது. மண்டியில் தக்காளி விழுந்தால் இங்கேயும் விழும். 'நேரடி' என்ற சொல்லுக்குள் மண்டி உட்கார்ந்திருக்கிறது.

இதே கத்தரிக்காய்க்காரரிடம் "அப்ப மண்டிப் பக்கமே போறதில்லையாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "இங்க எம்புட்டு விக்கும்? மிச்சம் அங்கதான். வெதைக்கும் உரத்துக்கும் முன்பணம் குடுக்குறது யாரு, இந்தச் சந்தையா?" தராசு கொடுத்தவர்கள் கடன் கொடுக்கவில்லை. தரகர் என்ற வில்லனை மேடையிலிருந்து இறக்கிவிடலாம். அவர் செய்துவந்த வேலையை யாராவது செய்தாக வேண்டுமே.

இன்னொன்று. இந்தச் சொல்லாடலில் 'இடைத்தரகர்' என்பதற்குள் யார் யார் அடைபடுகிறார்கள்? கமிஷன் மண்டி முதலாளியும் தரகர்தான். விடியக் காலையில் மண்டியில் கடனுக்குச் சரக்கெடுத்து, தலையில் கூடையோடு தெருத் தெருவாகப் போகிற கூடைக்காரம்மாவும் தரகர்தான். 15 சதவீதம் குறைவான விலைப்பலகை முதலில் போய் மோதுவது யார் மேல் என்பதை நாம் கேட்டதில்லை.

3

இனி வாசல். சந்தையின் சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையோரத்தில், சாக்கை விரித்து ஒரு வரிசை எப்போதும் உண்டு. பெரும்பாலும் பெண்கள். கீரை, வாழைப்பூ, கொஞ்சம் அவரை. நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஏன் உள்ளே போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அட்ட வேணும்ல தம்பி. அட்டைக்குச் சிட்டா கேக்குறாக. நெலம் எங்களுதா? வாரத்துக்குப் பாக்குறோம்."

"நிலத்துக்காரர்கிட்ட எழுதி வாங்கிக் குடுக்கலாமேம்மா?"

"எழுதிக் குடுப்பாகளா? நல்லாச் சொன்னீங்க. எழுதிக் குடுத்தா நாள பின்ன நெலத்தக் கேட்டுருவோம்னு அவுகளுக்குப் பயம். கேட்டதுக்கே, வேற ஆளு பாத்துக்கிறவான்னாக."

இந்த நான்கு வரிக்குள் தமிழ்நாட்டின் குத்தகைச் சட்ட வரலாறே இருக்கிறது. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969இல் வந்தது. உழுகிறவரைக் காப்பாற்ற வந்த சட்டங்கள்தான். ஆனால் எழுத்தில் வந்தால் உரிமை வந்துவிடும் என்பதாலேயே குத்தகை எழுத்தில் வராமல் போனது. எல்லாம் வாய்ப்பேச்சு. அடங்கலில் பயிர் இருக்கும், பயிரிட்டவர் பெயர் என்று பெரும்பாலும் பட்டாதாரர் பெயரே இருக்கும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் அடையாள அட்டை தரப்படுகிறது. போலி விவசாயிகள் உள்ளே நுழைந்துவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு சோதனை என்பார்கள். வியாபாரிகள் அட்டையோடு உட்காருவதும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போலியைத் தடுக்க வைத்த சல்லடை அசலைத்தான் கீழே தள்ளுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 'சாகுபடியாளர்' சுமார் 42 லட்சம் பேர், 'விவசாயக் கூலிகள்' சுமார் 96 லட்சம் பேர். வாய்வழி வாரக்காரர்கள் இதில் எந்தப் பத்தியில் எழுதப்பட்டார்கள் என்பதும் எழுதினவர் கையில்தான் இருந்திருக்கும். அந்த 96 லட்சத்துக்கு இந்தப் பலகையில் சொல் இல்லை.

4

சொல் இல்லாமலில்லை, இருந்தது. மருத நில மக்களைப் பட்டியலிடும்போது நம் இலக்கணிகள் உழவர், உழத்தியரோடு கடையர், கடைசியரையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். பள்ளு இலக்கியத்துக்கு வாருங்கள். முக்கூடற் பள்ளில் ஏர் பிடிப்பவன் பள்ளன். கணக்குக் கேட்பவன் பண்ணைக்காரன். பண்ணைக்காரன் நினைத்தால் உழுகிறவனைத் தொழுவில் மாட்டலாம். விதைகளின் பெயரும் மாடுகளின் பெயரும் உழுகிறவனுக்குத்தான் தெரியும், நெல் அவனுடையதல்ல. வகுப்பறையில் இதை நகைச்சுவை என்று சொல்லிக்கொடுத்தார்கள், நாங்களும் சிரித்துவிட்டுத் தேர்வு எழுதினோம்.

1892க்குப் பின் பஞ்சமர்க்கென ஒதுக்கிய நிலங்கள் பெருமளவில் கைமாறிப் போனதையும், 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அவற்றை மீட்கப் போனவர்களில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததையும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வரலாற்றின் கடைசிக் கண்ணிதான் சந்தை வாசலில் கேட்கப்படும் சிட்டா. வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

எழுத்தாள நண்பர்களிடம் ஒன்று. 2017 ஜனவரி மெரினாவுக்குப் பிறகு 'விவசாயி' என்ற சொல் நம் கவிதையிலும் சினிமாவிலும் சட்டைகளிலும் ஏறிவிட்டது. அந்த விவசாயி எப்போதும் ஓர் ஆண், எப்போதும் சொந்த நிலம் உள்ளவர், எப்போதும் நல்லவர். கீரைக்காரம்மா அந்தக் கவிதையில் வரமாட்டார். வந்தாலும் களை எடுக்கும் பின்னணியாக வருவார். அரசின் அட்டையும் நம்முடைய கவிதையும் ஒரே சிட்டாவைத்தான் கேட்கின்றன.

5

உழவர் சந்தைகள் 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் கவனிப்பாரற்றுக் கிடந்தன, 2006க்குப் பின் மீண்டன. 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையிலும் அவற்றைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது. கூரை மாறும், மேடை மாறும். அட்டைக்கான கேள்வியை மாற்றுவதுதான் நம்முடைய கோரிக்கையாக இருக்க வேண்டும். 'நிலம் யாருடையது' என்பதை விட்டுவிட்டு 'விளைவித்தது யார்' என்று கேட்கட்டும். நிலத்துக்காரரின் கையெழுத்து இல்லாமலே, வயலில் வந்து பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, கிராமசபையில் சொல்லி அட்டை தரமுடியும். சங்கங்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும் என்பதால் சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா ஆசிரியர், ஏர் பிடித்ததில்லை. வாரத்துக்கு விட்டிருந்தார். எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டு அக்கா ஒருமுறை வந்து திண்ணைக்குக் கீழே நின்று ஒரு கையெழுத்துக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. 'பாக்கலாம்' என்றார் அப்பா. நான் உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா இப்போது இல்லை, பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. நான் கேட்டால் உழவர் சந்தை அட்டை எனக்குத்தான் கிடைக்கும்.

அந்த அக்கா இன்னும் அதே நிலத்தில் வெண்டை போடுகிறார். இந்த மாதம் ஊருக்குப் போகும்போது எழுதிக் கொடுப்பதாக இருக்கிறேன். வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.